பாரதக்கூத்தை மூன்று ராத்திரியாகச் சுருக்கலாமா?

ஆத்தங்கரைக்காரன்:
எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், பத்து ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்தின பெரிய துரியோதனனை வீழ்த்துகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. என் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து இப்படித்தான். இந்த வருஷம் என்னையும் விழாக்குழுவில் சேர்த்துவிட்டார்கள், முதல் கூட்டத்திலேயே சண்டை. பசங்க பாதிப்பேர் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார்கள், விடிய விடிய யார் உட்காருவது, மூன்று ராத்திரி போதும், மிச்ச நாளுக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம் என்று ஒரு கட்சி. கூத்தைக் குறைத்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று விழாவுக்கு வாங்குகிற தலைக்கட்டு வரி தரமாட்டோம் என்று இன்னொரு கட்சி. ஒளிக்காமல் சொல்கிறேன், போன வருஷம் நானே பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். சுருக்குவதென்றால் எதை விடலாம், எதை விடக்கூடாது?

முகவீணை:
தம்பி, என் அப்பா ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வேஷம் கட்டியவர், அதனால் கொஞ்சம் ஒருதலையாகத்தான் பேசுவேன். எது ஆட்டம் மட்டும், எது சடங்கும் சேர்ந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சுபத்திரை கல்யாணத்தை விட்டால் நாலு பேர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். அர்ச்சுனன் தபசை விட முடியாது. அர்ச்சுனன் வேஷக்காரர் ஏறுகிற தபசு மரத்தின் கீழே பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்பார்கள், மேலேயிருந்து அர்ச்சுனன் வீசுகிற எலுமிச்சம்பழமும் விபூதியும் அவர்களுக்குக் கூத்தில் ஒரு காட்சி கிடையாது, வேண்டுதல். துகிலுரிதலும் அப்படித்தான், அன்றைக்கு அவிழ்ந்த கூந்தலைப் படுகளத்தில்தான் அம்மன் முடிகிறாள், அவிழ்த்ததைக் காட்டாமல் முடிவதை மட்டும் காட்டினால் எப்படி? படுகளத்துக்கு முந்தின ராத்திரி பதினெட்டாம் போர் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் அந்த ஆட்டம் விடிந்ததும் நேராகப் படுகளத்துக்குள் போய்விடும். கர்ண மோட்சம்கூட நம் பக்கம் கருமாதிக்கே வைக்கிற கூத்து, அழுவதற்கென்றே வந்து உட்காருகிற கிழவிகள் இருக்கிறார்கள்.

மூன்று என்று நினைத்து எண்ணினால் ஐந்தாறில்தான் வந்து நிற்பீர்கள்.

அப்புறம் ஒன்று. கூத்தின் கோமாளி கட்டியங்காரனை மறந்துவிடாதீர்கள். வராத தண்ணீர், பாதியில் நிற்கிற ரோடு, ரேஷன் கடை எடை, எல்லாவற்றையும் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, 'நான் துரியோதன மகாராஜாவைச் சொன்னேன்' என்று நழுவுவான். கிராமசபையில் அப்படிப் பேசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட முடியுமா?

வடக்குத்தெரு:
கூத்தை ரொம்பவும் புனிதமாக்க வேண்டாம். 'ஊரே கூடும்' என்கிறோம், எந்த ஊர்? எங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் காலனி ஜனங்கள் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது, சின்ன வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனை ராத்திரி என்பதோடு, முன்னால் யார் உட்காரலாம், வரி யாரிடம் வாங்குகிறோம், யாரிடம் வாங்க மறுக்கிறோம் என்பதையும் குழுவில் பேசுங்கள். அந்தச் சண்டை இதைவிடப் பெரிதாக வரும், தெரியும்.

மற்றபடி பழையது என்பதற்காகக் கூத்து அசையாமல் கிடக்கவில்லை. செய்யாறு பக்கம் என்கிறீர்கள், புரிசை உங்களுக்குக் கூப்பிடு தூரம்தானே, அங்கே கண்ணப்ப தம்பிரான் என்ற கூத்து வாத்தியாரின் பரம்பரை ஜெர்மன்காரர் பிரெக்டின் நாடகத்தைக்கூடக் கூத்தாகப் போட்டார்கள், 2025இல் அவர் மகன் கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ வந்தது. காஞ்சிபுரம் பக்கம் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், ஆண்களே ஆடிக்கொண்டிருந்ததில் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. ராத்திரியின் நீளத்தை மட்டும் மாற்றவே கூடாது என்றால் எப்படி?

முகவீணை:
காலனி விஷயத்தில் வடக்குத்தெரு சொல்வதை நான் மறுக்கமாட்டேன், அப்பாவும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் நீளத்தைக் குறைப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி லேசு இல்லை. திரை பிடித்து, திரைக்குப் பின்னால் காலும் கிரீடமும் மட்டும் தெரிய ஒரு ராஜா வேஷம் வெளியே வருவதற்கே எவ்வளவு நேரம் ஆகும், அதில்தான் ஆட்டக்காரனுக்கு உடம்பு சூடேறுகிறது. 'சீக்கிரம் முடிங்க' என்று சீட்டு எழுதி அனுப்பினால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், பாட்டு போய்விடும், வசனம் மட்டும் மிஞ்சும். ராத்திரியைக் குறையுங்கள், ஆனால் வைக்கிற ராத்திரியை முழுசாக வையுங்கள்.

சீசன் முடிந்தால் இந்த ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கொத்தனார் வேலைக்கோ கூலிக்கோ போகிறவர்கள். நாலு ராத்திரி குறைந்தால் நாலு ராத்திரிக் கூலி குறையும், நடுவில் மேடையில் வாழ்த்திக் கொடுக்கிற மொய்யும் குறையும். அதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

ஆத்தங்கரைக்காரன்:
நேற்று மறுபடி கூட்டம். ஆறு ராத்திரி கூத்து, ஒரு ராத்திரி ஆர்கெஸ்ட்ரா என்று நின்றிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி தபசு வருகிற மாதிரி நாள் பார்த்திருக்கிறோம், வெளியூர்ப் பசங்க வந்துவிடலாம். வரி எல்லாத் தெருவிலும் வாங்கலாம் என்று நான்தான் எழுந்து சொன்னேன், ஒருத்தரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, டீ வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுப்பேன். வெள்ளிக்கிழமை ஜமா வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைக்கிறோம். அவரிடம் வேறு எதாவது கேட்க வேண்டுமா?

முகவீணை:
மைக் எப்படி என்று கேளுங்கள். நடுவில் தொங்கவிட்ட ஒரு மைக் போதும் என்றுதான் சொல்வார், ஆர்கெஸ்ட்ராவுக்கு வருகிற சவுண்ட் செட்டை இவர்கள் தலையில் கட்டாதீர்கள், முகவீணை வாத்தியம் காதைக் கிழிக்கும். அப்புறம் படுகளத்துத் துரியோதனனுக்கு வண்டி வண்டியாக மண் வேண்டும், ஏரியில் எடுப்பதென்றால் இப்போதே பேசி வையுங்கள்.