அரசாங்கக் கிளினிக்கில் காத்திருப்பு: குறை கட்டடத்திலா, நிர்வாகத்திலா?

தோட்டத்து மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் தாயாருக்கு 67 வயது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் அவரைப் பத்து ஆண்டுகளாக வாட்டுகின்றன. அரசாங்கக் கிளினிக்கில் அவருக்குக் காலை 8 மணிக்கு முன்பதிவு தருகிறார்கள். ஆனால் அதே 8 மணி இன்னும் பலருக்கும் தரப்பட்டிருப்பதால், முதல் எண்களில் ஒன்று கிடைக்க வேண்டும் என்று 6.30க்கே போய் வாசலில் நிற்கிறார். மருத்துவர் பார்ப்பதற்கு 11 மணி ஆகிறது, மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வர 12.30 ஆகிறது.

இரத்தம் கொடுக்க ஒரு நாள், அதன் முடிவைப் பார்க்க ஒரு நாள், மாதந்தோறும் மருந்துக்கு ஒரு நாள் என்று அலைகிறார். வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்துக்குப் போய்வர, பக்கத்து வீட்டுப் பையனின் காருக்கு நாங்கள் ஒவ்வொரு முறையும் 15 ரிங்கிட் கொடுக்கிறோம்.

அடுத்த மாதம் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து மனு கொடுக்கப் போகிறோம். புதிய கட்டடம் கேட்க வேண்டும் என்பது பெரும்பாலோரின் எண்ணம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்

வணக்கம் தங்கை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கக் கிளினிக்குகளில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஐயம் சரியானதே. எல்லாரையும் 8 மணிக்கே வரச் சொல்லும் பழக்கம் மாறாத வரையில், கட்டடம் பெரிதானால் காத்திருக்கும் கூடம் மட்டுமே பெரிதாகும்.

அந்தப் பழக்கம் எப்படி வேரூன்றியது என்பதைச் சொல்கிறேன். காகிதக் கோப்பில் வேலை செய்யும் கிளினிக்கில், முதல் நாள் மாலையே மறுநாள் வருவோரின் கோப்புகளை எடுத்து அடுக்கி வைப்போம். எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று தெரியாது. மருத்துவர் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக எல்லாரையும் காலையிலேயே வரவழைத்துவிடுவோம். அதாவது மருத்துவரின் நேரத்தைக் காப்பாற்ற நோயாளியின் நேரத்தைச் செலவழித்தோம். நானும் அப்படித்தான் செய்தேன், அது தவறு என்று இப்போது உணர்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்துக் கொடுப்பதற்குக் கிளினிக் பொறுப்பாளரின் ஒப்புதல் போதும், புத்ராஜெயாவில் உள்ள சுகாதார அமைச்சிலிருந்து கடிதம் வர வேண்டியதில்லை.

ஆனால் ஆள் பற்றாக்குறை வேறு வகையான சிக்கல். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசின் பட்டியலில் இருக்கின்றன. கிளினிக்கில் எத்தனை மருத்துவர், எத்தனை தாதியர் என்பதை மாநில அரசு முடிவு செய்வதில்லை. ஆகவே கூடுதல் மருத்துவர் கேட்கும் மனுவைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தால் அவர் அதை மேலே அனுப்பத்தான் முடியும். அந்தப் பகுதியைத் தனியே எழுதி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டு வந்ததையும், 2021 ஜூலை 26ஆம் தேதி அவர்கள் நாடு தழுவிய வெளிநடப்பு செய்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். மருத்துவர் அடிக்கடி மாறினால், உங்கள் தாயாரைப் போன முறை பார்த்தவர் இந்த முறை இருக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்குச் சுகாதார அமைச்சே ஒரு வழியை முயன்று பார்த்திருக்கிறது. 2017இல் ஜொகூரிலும் சிலாங்கூரிலும் 20 கிளினிக்குகளில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. வட்டாரவாரியாகக் குடும்பங்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே மருத்துவக் குழுவை ஒதுக்கினார்கள். யாருக்கு எப்போது சோதனை, யார் வராமல் போனார்கள் என்று கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளரையும் அமர்த்தினார்கள். அந்நாளில் நம் தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்த டிரஸர் செய்த வேலையின் சாரம் இதுதான். லயத்துக்குள்ளேயே குடியிருந்த அவருக்கு, எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது ஏட்டைப் பார்க்காமலே தெரியும். தோட்டங்கள் கைமாறி மக்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது மருந்துக்கு அரசாங்கக் கிளினிக் கிடைத்தது, ஆனால் பெயர் சொல்லி விசாரிக்க ஆள் கிடைக்கவில்லை. மனுவில் முதலிடம் கொடுக்க வேண்டியது இந்த ஒருங்கிணைப்பாளர் பணிக்கே என்பது என் கருத்து.

கெடா வாசகி

தங்கைக்கும் ஐயாவுக்கும் வணக்கம். எங்கள் ஊர் கிளினிக்கின் ஆலோசனைக் குழுவில், மலாயில் பானல் பெனாசிஹாட் என்பார்களே, அதில் இரண்டு தவணைகள் இருந்திருக்கிறேன். இப்படி ஒரு குழு உண்டு என்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கிளினிக் குழுவில் தோட்டத்து மக்கள் சார்பில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் மனுவில் அதையும் எழுதுங்கள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். குறை சொல்வதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தோம். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் ஐந்து பேர், பொறுப்பாளரின் அனுமதியோடு, இரண்டு வாரம் கூடத்தில் அமர்ந்து, நோயாளி வந்த நேரம், பதிந்த நேரம், மருத்துவர் அழைத்த நேரம், மருந்து பெற்ற நேரம் ஆகியவற்றைக் குறித்தார்கள். யாருடைய பெயரையும் நோயையும் கேட்கவில்லை. மருத்துவருக்காகத்தான் அதிகம் காத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தோம். ஏட்டைக் கூட்டிப் பார்த்தால், மருந்துக்கூடத்தின் முன்னால்தான் அதிக நேரம் போயிருந்தது. அன்று மருத்துவரைப் பார்த்தவர்களும் மாதாந்தர மருந்துக்கு மட்டும் வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றதே காரணம். மாதாந்தர மருந்தைப் பிற்பகல் 2 மணிக்குமேல் தருவதென்று மாற்றினார்கள், காலைக் கூட்டம் கண்கூடாகக் குறைந்தது. காசு எதுவும் செலவாகவில்லை.

மருந்தைத் தபாலில் பெறும் வசதியும், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வேறோர் அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளும் வசதியும் அமைச்சின் திட்டங்களிலேயே இருக்கின்றன. பிந்தியதன் பெயர் எஸ்.பி.யு.பி. மருந்துக்கூட முகப்பில் கேட்டுப் பாருங்கள். உங்கள் 15 ரிங்கிட்டில் பாதியாவது மிஞ்சும்.

ஐயா கட்டடம் வேண்டாம் என்பது போல் எழுதியிருக்கிறார். அதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தோட்டங்களின் மருத்துவம் நெடுங்காலம் முதலாளிகளின் பொறுப்பாகவே இருந்தது. முதலாளி கைவிட்ட இடத்தில் அரசாங்கத்தின் கிராமக் கிளினிக் தானாக முளைத்துவிடவில்லை. 2019இன் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, தோட்டத்துக்கு அருகில் இரத்தம் எடுக்கவும் பாதங்களைச் சோதிக்கவும் ஒரு சிறிய இடமாவது கேட்பது நியாயமே. 2023 ஜூனில் நாடாளுமன்ற மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, நோய்த்தடுப்பையும் ஆரம்பச் சிகிச்சையையும் வலுப்படுத்த வேண்டும் என்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள்.

சமூகத் தாதி

வணக்கம். எங்கள் பக்கத்தையும் தயவுசெய்து எழுதுங்கள். முன்பதிவுக்கு வராதவர்களை நாங்கள் தொலைபேசியில் அழைக்கிறோம், ஆனால் பாதிப் பேருடைய எண் மாறிவிட்டிருக்கிறது. மைசெஜாத்திரா எனும் கைப்பேசிச் செயலியில் முன்பதிவுத் தேதி வந்திருப்பது முதியவர்களுக்குத் தெரிவதில்லை. பிள்ளைகள் தங்கள் எண்ணைக் கிளினிக்கில் பதிந்துவைத்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

தோட்டத்து மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மருந்துக்கூடத்தில் தபால் வசதியைப் பற்றி விசாரித்தேன், படிவம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் கோப்பில் என் எண்ணையும் பதிந்துவிட்டேன். மனுவை இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். கணக்கெடுக்க ஆறு பேர் முன்வந்திருக்கிறார்கள், பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டுக் கடிதமும் கொடுத்துவிட்டோம். அக்கா, இரத்தம் எடுக்கும் இடத்தையும் ஏட்டில் தனியாகக் குறிக்க வேண்டுமா?

கெடா வாசகி

கட்டாயம் குறியுங்கள் தங்கை. இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் இரவு முழுவதும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். இரத்தம் எடுத்த நேரத்தோடு, அவர்கள் வாயில் முதல் கவளம் வைத்த நேரத்தையும் கேட்டு எழுதுங்கள். எங்கள் பொறுப்பாளர் அந்தப் பத்தியைப் பார்த்த மறு வாரமே இரத்தம் எடுப்பதை முதல் வேலையாக 7.30க்கு மாற்றினார்.