லேகிங் வேலை பார்த்த அப்பாவுக்கு மூச்சிரைப்பு: இது டி.பி.யா, கல்நார் தூசியா?

கவிதா, விழுப்புரம்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. இருபது வயதிலிருந்து லேகிங் வேலை. பாய்லரிலிருந்து போகும் நீராவிக் குழாய்களில் சூடு வெளியே போகாமல் இருக்க மேலே உறை சுற்றிக் கட்டுவார்களே, அந்த வேலைதான். சர்க்கரை ஆலை, பேப்பர் மில், அனல் மின் நிலையம் என்று கான்ட்ராக்டர் எங்கே கூப்பிட்டாலும் போவார். சர்க்கரை ஆலைகளில் அரவை முடிந்து ஓவர்ஹாலிங் நடக்கும் மாதங்களில் வீட்டுப் பக்கமே வரமாட்டார். அங்கேயே கொட்டகையில் படுக்கை. வரும்போது மூட்டை நிறைய அழுக்குத் துணி கொண்டு வருவார். அம்மா அதை வாசலில் உதறிவிட்டுத்தான் ஊற வைப்பார்.

நாலைந்து வருடமாக வறட்டு இருமல். முதலில் மாடி ஏறினால் இரைத்தது, இப்போது சட்டை போட்டுக்கொள்வதற்குள் இரைக்கிறது. இரண்டு முறை டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு முறையும் சளியில் கிருமி இல்லை, ஆனாலும் எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது என்று ஆறாறு மாதம் சாப்பிட வைத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. போன மாதம் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுத்தோம். இரண்டு நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் தழும்பு இருப்பதாகவும், நுரையீரலின் உறையில் அங்கங்கே சுண்ணாம்பு படிந்த தடிப்புகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்தும் ஒருவர் மூன்றாவது முறையாக டி.பி. மருந்து தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் பீடியால் வந்தது என்று முடித்துவிட்டார். அப்பா பீடி பிடித்தது உண்மை. விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "கூலி" என்று சீட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இது அதுவாக இருக்குமா? எங்கே போய்ப் பார்ப்பது? அம்மாவுக்கும் ஏதாவது ஆகுமா?

நெஞ்சக மருத்துவர், மதுரை

கவிதா, நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் இருக்கும் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தால் கல்நாரைத்தான் முதலில் நினைப்பேன். தழும்பு கீழ்ப்பகுதியில் இருக்கிறது. டி.பி. பெரும்பாலும் மேல்பகுதியில் தொடங்கும். உறையில் சுண்ணாம்புத் தடிப்பு இரு பக்கமும் இருந்தால் அது கல்நார் தூசியின் முத்திரை என்றே சொல்லலாம். பீடி அதை உண்டாக்காது. மூன்றாவது, அப்பாவின் வேலை; அந்தக் காலத்து லேகிங் உறையில் பெரும்பாலும் கல்நார்தான். முதல் இரண்டும் ஸ்கேனிலேயே இருக்கின்றன. மூன்றாவதை யாரும் கேட்காததால்தான் இத்தனை வருடம் வீணாகியிருக்கிறது.

கல்நார் இழை மிக மெல்லியது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடி வரை இறங்கிவிடும். அங்கே கிருமியைத் தின்று அழிக்கும் செல்கள் இந்த இழையைக் கரைக்க முடியாமல் திணறுகின்றன. அழற்சி ஓயாமல் நடந்து, பஞ்சு போல விரிய வேண்டிய இடம் இறுகித் தழும்பாகிறது. இதைத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்கிறோம். தூசி பட்டு 20, 30 வருடம் கழித்துத்தான் பலருக்கு வெளியே தெரிகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். அதனால்தான் "அவர் எப்போதோ அந்த வேலையை விட்டுவிட்டாரே" என்று நோயாளியின் வீட்டாரே அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது டி.பி. கோர்ஸ் தொடங்கும் முன் சளியை, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிருமி இருந்தால் மருந்து. இல்லாவிட்டால் எதற்காக என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஈரலைப் பதம் பார்க்கும் மாத்திரைகள் அவை. ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரியோடு, வாயு எவ்வளவு ரத்தத்துக்குள் போகிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. சோதனையும் எடுக்க வேண்டும். அப்பாவின் விரல் நுனி உருண்டு தடித்திருக்கிறதா என்று பாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து கிடையாது. தழும்பு வேகமாகப் பரவுகிறவர்களுக்கு அந்த வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார். இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசி இரண்டும் போட்டுவிடுங்கள். மூச்சுப் பயிற்சி, தேவைப்படும்போது வீட்டில் ஆக்சிஜன், இவை வாழ்க்கையை நிச்சயம் மாற்றும். பீடியை மறுபடி தொடவே கூடாது. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்கள், அதாவது உங்கள் அப்பாவின் தொழிலைச் செய்தவர்கள் பற்றி 1979இல் வெளிவந்த ஆய்வில், கல்நார், புகை இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கல்நார் மட்டும் பட்டவருக்கு 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு ஏறத்தாழ 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. பீடியைக் காரணம் காட்டிக் கல்நாரைக் கழற்றிவிடும் டாக்டரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எடை குறைவது, சளியில் ரத்தம், விலாவில் விடாத வலி, நெஞ்சில் நீர் கோப்பது, இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள்.

அம்மாவைப் பற்றி: பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் விட வேண்டாம். மீசோதீலியோமா என்ற உறைப் புற்றுநோய் பற்றி 1965இல் லண்டனில் வெளிவந்த ஆய்வில் 76 பேரின் வாழ்க்கை வரலாற்றைத் துருவினார்கள். 9 பேர் கல்நார் வேலையே பார்க்காதவர்கள், அந்த வேலை பார்த்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவியரே அவர்களில் அதிகம். இது அரிதான நோய்தான். அம்மாவுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து, துணி உதறிய விவரத்தையும் டாக்டரிடம் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள்.

பழைய லேகர்

கவிதாம்மா, நானும் அதே வேலைக்காரன். அனல் மின் நிலையங்களில் ஷட்டவுன் வேலை. எனக்கும் உறைத் தடிப்பு இருக்கிறது. டாக்டர் ஐயா சொன்னதற்கு மேலே, வேலை பார்த்தவன் என்ற முறையில் சில சொல்ல வேண்டும்.

வெளியில் இருப்பவர்கள் புதிதாகச் சுற்றும்போதுதான் தூசி என்று நினைக்கிறார்கள். குழாயில் சுற்றும் புதிய கல்நார்க் கயிறு பரவாயில்லை. பழைய லேகிங்கைப் பிரிக்கும்போதுதான் மோசம். பல வருடம் சூட்டில் வெந்து பொடியாகியிருக்கும். மேலே இருக்கும் அலுமினியத் தகட்டைக் கழற்றி, உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுவோம். மொத்தமும் முகத்தில் கொட்டும். பக்கத்தில் நிற்பவன் தெரியமாட்டான். வால்வு, குழாய் வளைவு இங்கெல்லாம் கயிறு சுற்ற வராது. கல்நார்ப் பவுடரைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து அப்புவோம். பவுடரைக் கொட்டும்போது புகை மாதிரி எழும். வாயில் கட்ட ஒரு துண்டு. அதுவும் நாங்களே கொண்டு போனது. ராத்திரி குளிருக்குப் பவுடர் வந்த காலிச் சாக்கை உதறிப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறோம். இது விஷம் என்று மேஸ்திரியும் சொல்லவில்லை, ஆலையில் இருந்த எந்த அதிகாரியும் சொல்லவில்லை. பிற்பாடு கல்நாருக்குப் பதிலாக ராக்வுல் என்ற கல் பஞ்சு வந்தது. அப்போதும் பழையதைப் பிரிக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

இதை டாக்டரிடம் சொல்ல நமக்குத் தெரியவில்லை. "பாய்லர் வேலை" என்று சொன்னால் அவருக்கு நெருப்புதான் ஞாபகம் வரும், தூசி வராது. அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். அப்பா பேசத் தெம்பாக இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். எந்த வருடம் எந்த ஆலை என்று நேராகக் கேட்டால் ஞாபகம் வராது. வீட்டு விசேஷத்தை வைத்துக் கேளுங்கள். நீங்கள் பிறந்தபோது எங்கே இருந்தார், தாத்தா செத்தபோது எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார், எம்.ஜி.ஆர். இறந்த அன்றைக்கு எந்தக் கொட்டகையில் படுத்திருந்தார் என்று. ஒன்றைப் பிடித்தால் பத்து வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஆலை பெயர், கான்ட்ராக்டர் பெயர், புதிது கட்டினாரா பழையது பிரித்தாரா, கயிறா போர்டா பவுடரா, வெட்டவெளியா பாய்லருக்கு உள்ளேயா, கூட இருந்தது யார், எல்லாம் எழுதுங்கள். பழைய கேட் பாஸ், சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ அட்டை, பி.எஃப். சீட்டு, ஆலை வாசலில் எடுத்த போட்டோ, எதையும் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த நோட்டின் நகலைக் கொடுத்து, நோயாளி சீட்டில் "தொழில்: லேகிங், கல்நார் தூசி" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் எழுதும் வரை எழுந்து வராதீர்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன். என்னோடு ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவன் என்னைவிட இளையவன். மூச்சு விட முடியாமல் செத்தான். காகிதத்தில் "நாள்பட்ட மூச்சடைப்பு" என்று மட்டும் இருந்தது. அவன் மனைவி எங்கே போய்க் கேட்டாலும், இது வேலையால் வந்தது என்று எந்த டாக்டர் எழுதியிருக்கிறார் என்ற கேள்விதான் வந்தது. கடைசி வரை அவளுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவிலேயே இருந்தது, இப்போது 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார் வழக்கில் கொடுத்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டு 15 வருடம், எது பிந்தியதோ அது வரை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கான்ட்ராக்டில் வந்த எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவே இல்லை. அதனால் நம் பதிவேட்டை நாமேதான் எழுத வேண்டும்.

இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிசும் உண்டு, கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் உண்டு. கான்ட்ராக்டர் ஓடிப்போனாலும் வேலை கொடுத்த ஆலையிடம் கேட்க 1923ஆம் வருடச் சட்டத்திலேயே வழி இருந்தது. இப்போது இவற்றையெல்லாம் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். காலக்கெடு உண்டு, தாமதத்துக்குக் காரணம் காட்டவும் இடம் உண்டு. தொழிற்சங்க வக்கீல் ஒருவரைப் பாருங்கள், டாக்டர் சீட்டு கைக்கு வந்தவுடனே பாருங்கள். மருத்துவத்துக்குத் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போகலாம். ஈஎஸ்ஐ எண் ஏதாவது கிடைத்தால் சென்னை கே.கே. நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனையில் தொழில்நோய்க்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கூரை வேலைக்காரன், வவுனியா

இதை வாசித்துப் பயந்துபோனேன். நான் கூரை வேலை செய்கிறேன். இங்கே பாதி வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீற்தான். 2018இலிருந்து தடை வரும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில் எங்கட தேயிலையில் ஒரு வண்டு இருந்தது என்று ரஷ்யா தேயிலையை நிறுத்த, தடைப் பேச்சும் அதோடு தள்ளிப்போனது. கல்நாரை விற்கிறதும் அதே ரஷ்யாதான். நாங்கள் கிரைண்டர் வைத்துத்தான் சீற் வெட்டுகிறோம், வெள்ளையாகப் புழுதி பறக்கும். டொக்டர், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஆபத்தா?

நெஞ்சக மருத்துவர், மதுரை

தம்பி, உடையாத, உளுத்துப்போகாத கூரையின் கீழே வசிப்பவருக்கு ஆபத்து குறைவு. வெட்டுகிற உங்களுக்குத்தான் அதிகம். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், அதுதான் இழையைக் கிளப்புவதில் மகா மோசம். வேறு வழியே இல்லையென்றால் தகட்டை நன்றாக நனைத்துக் கைவாளால் மெதுவாக அறுங்கள். துணி கட்டுவது எந்தப் பயனும் இல்லை. இழையைத் தடுக்கும் பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 வகை முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் தடித்த பாலித்தீனில் கட்டிவிடுங்கள். பழைய தகட்டைக் கழற்றும்போது உடைத்துக் கீழே எறியாதீர்கள், முழுசாக இறக்குங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கூரைத் தகட்டில் இருக்கும் வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லை என்று கடையில் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. கல்நார் கலக்காத தகடு அங்கே கிடைத்தால் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லி வாங்க வையுங்கள்.

கவிதா, விழுப்புரம்

டாக்டருக்கும் லேகர் ஐயாவுக்கும் நன்றி. நோட்டு வாங்கி அப்பாவோடு உட்கார்ந்தேன். ஐயா சொன்னபடி வீட்டு விசேஷத்தை வைத்துக் கேட்டதும், அவரே நோட்டை வாங்கி ஆலைகளின் பெயரை வரிசையாக எழுத ஆரம்பித்துவிட்டார். பழையது பிரித்த வேலைதான் பாதிக்கு மேல். காலிச் சாக்கில் படுத்ததை ஐயா எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். "நாங்களும்தான்" என்றார். அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, நிழல் எதுவும் இல்லை என்றார்கள்.

சளியில் சி.பி.நாட் பரிசோதனையிலும் கிருமி இல்லை. நோட்டின் நகலைப் பார்த்த பிறகு டாக்டர் டி.பி. பேச்சை விட்டுவிட்டார். சீட்டில் லேகிங், கல்நார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தாம்பரத்துக்கும் எழுதித் தந்திருக்கிறார். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் பண்ருட்டிப் பக்கம் இருக்கிறார், அவருக்கும் இதே இருமல், டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

ஒரு சந்தேகம், ஐயா. டிரங்குப் பெட்டியில் அப்பா பெயரில் ஒரு பழைய ஈஎஸ்ஐ அட்டை கிடைத்தது. கொஞ்ச காலம்தான் சம்பளத்தில் பணம் பிடித்திருப்பார்கள் போலிருக்கிறது. அது உதவுமா?

பழைய லேகர்

எவ்வளவு காலம் பிடித்திருக்கிறார்கள் என்பதை அந்த எண்ணை வைத்து ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் வைத்தியம் கிடைக்க ஐந்து வருடம் ஈஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும், அந்த நாளில் அந்தக் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பண்ருட்டிக்காரரையும் ஒரு நோட்டு வாங்கச் சொல்லுங்கள்.