5 கியர் பாக்ஸ் மாற்றியதில் இருந்து லோ நிற்கவில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

ஏலக்காட்டு ஜீப்:
வணக்கம். வண்டி மஹிந்திரா எம்எம்540, பழைய பூஷோ டீசல். நாலு கியர் பாக்ஸில் பல் போய், உதிரி தேடி அலுத்துப்போய், போன மாதம் 5 கியர் பாக்ஸ் ஏற்றினோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பழையதேதான், மாடல் 18. லோவுக்கு (மெதுவான, இழுவை கூடிய கியர்) ஒன்று, ஃபோர் வீலுக்கு ஒன்று என்று ரெண்டு கம்பி. லேத்தில் அடாப்டர் பிளேட் கடைந்து நடுவில் கொடுத்தார்கள். அதனால் கேஸ் நாலு அங்குலம் பின்னால் தள்ளிப்போய், கம்பிகள் சீட்டில் இடித்தன. பட்டறையில் சூடு காட்டி ரெண்டையும் முன்பக்கமாக வளைத்துக் கொடுத்தார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கொட்டகுடி பக்கம் இறக்கத்தில் லோ போட்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் 'டக்' என்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எஞ்சின் பிடிப்பே இல்லாமல் வண்டி ஓடுகிறது. முந்தாநாள் பின்னால் ஆறு பேர் இருந்தார்கள், பிரேக்கை மிதித்தே இறக்கினேன். ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை.

இன்னும் ரெண்டு தொல்லை. ஃபோர் வீல் கம்பியைப் போடாமல் லோ விழவே மாட்டேன் என்கிறது. அப்புறம், தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபோர் வீலைக் கழற்றப் போனால் கம்பி கல் மாதிரி இறுகி நிற்கிறது. கேஸைப் பிரித்துக் கியர் மாற்றணும், உள்ளே இருக்கும் பூட்டையும் எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். பிரிக்கவா?

மலைவண்டி:
தம்பி, முதலில் இனிமேல் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் லோவை நம்பாதே.

நீ சொன்ன மூன்றில் ரெண்டு கோளாறே இல்லை. மாடல் 18இல் கம்பிகள் நகர்த்தும் ரெண்டு ஷிஃப்ட் ராடுக்கும் நடுவில் ஒரு குட்டி உருளை இருக்கும், மெக்கானிக் சொன்ன பூட்டு அதுதான். முன் ஆக்ஸில் சேராமல் லோ விழக்கூடாது என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். உன் கேஸில் அது ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான். தார் ரோட்டில் கம்பி இறுகியதும் அப்படியே. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இந்த வண்டிக்கு நடுவில் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போகும், மண் என்றால் வழுக்கி ஈடுகட்டிக்கொள்ளும், தார் விடாது. அந்த முறுக்கு முழுவதும் பல்லில் தேங்கும். நாலடி ரிவர்ஸ் எடு, கம்பி தானாக வந்துவிடும். உதைத்து வளைக்காதே.

லோ கழல்வதுதான் உண்மையான கோளாறு. கம்பியை வளைத்தார்கள் என்றாயே, அவை மேலே வரும் தளத் தகட்டில் ஓட்டையைப் பெரிதாக்கினார்களா?

ஏலக்காட்டு ஜீப்:
கம்பியைச் சுற்றி ரப்பர் பூட் (உறை) மூடியிருப்பதால் தெரியவில்லை அண்ணே. பழைய ஓட்டையைக் கொஞ்சம் பின்னால் வெட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

கோத்தகிரி டீசல்:
நான் அந்த உருளையை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. டூ வீல் லோவில் டீத்தோட்டத்து வளைவுகளில் ஸ்டியரிங் லேசாக இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

மலைவண்டி:
உங்கள் வண்டியில் சுமை எவ்வளவு என்று தெரியாது. லோவில் 2.46 மடங்கு முறுக்கு, அது முழுக்கப் பின் ஆக்ஸில் ஒன்றுக்கே போகும். எட்டு மூட்டையோடு ஏற்றத்தில் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். வேண்டுகிறவர் எடுக்கட்டும், ஆனால் தம்பியின் கோளாறுக்கு அது மருந்து இல்லை.

தம்பி, கேஸைத் தொடுவதற்கு முன் இதைச் செய். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, தளத் தகட்டைக் கழற்று. கம்பிகளையும் பின்னில் இருந்து உருவிவிடு. கேஸின் முன்பக்கம் ரெண்டு ராடும் சீலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஃபோர் வீல் ராடு, அப்புறம் லோ ராடு, சின்னப் பார் வைத்து நெம்பு. உள்ளே ஸ்பிரிங் அழுத்தும் குண்டு ராடின் பள்ளத்தில் விழும் 'கிளிக்' கையில் தெரியணும். பல்லுக்குப் பல் முட்டி நகராவிட்டால் வண்டியை ஒரு விரற்கடை உருட்டிப் பார். கிளிக் விழுந்ததும் சீல் ஓரத்தில் ராடின் மேல் ஒயிட்னரால் கோடு போடு. பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சீட்டில் உட்கார்ந்து எப்போதும் போல லோ போடு. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார். கோடு அதே இடத்துக்கு வருகிறதா?

சேலம் ஸ்பேனர்:
கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் ரப்பரையும் பார்க்கவும். கேஸ் பின்னால் போனபோது அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் (கிராஸ் மெம்பர்) நகர்த்தினார்களா, இல்லை பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்களா? இறக்கத்தில் எஞ்சின் எதிர்ப்பக்கம் சாயும். கம்பி கேஸோடு சாயும், தளம் பாடியோடு நிற்கும். ஏற்றத்தில் நின்று இறக்கத்தில் கழல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கியிருப்பார்களே, அதிர்வு இல்லையா?

ஏலக்காட்டு ஜீப்:
அதிர்வு இல்லை. ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்து வாங்கினோம். கிராஸ் மெம்பரை நகர்த்தியிருக்கிறார்கள், ஆனால் ரப்பர் பழசு, ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது.

கோடு போட்டுப் பார்த்தேன். கம்பி இல்லாமல் நெம்பினால் கிளிக் நன்றாக விழுகிறது. கம்பியோடு போட்டால் கோடு 4 மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிடுகிறது! ரப்பர் உறையைத் தூக்கினால், கம்பியின் வளைவு ஓட்டை விளிம்பில் உரசி அந்த இடத்தில் பெயின்ட் போய்ப் பளபளக்கிறது.

மலைவண்டி:
கிடைத்தது பார். பல் பாதிதான் கடித்திருக்கிறது, குண்டு பள்ளத்தில் உட்காரவே இல்லை. விளிம்பை ஒரு அங்குலம் வெட்டு. எஞ்சின் ஆட்டத்துக்கும் சேர்த்து விட்டுக்கொள், தொட்டும் தொடாமலும் வெட்டாதே. மவுண்ட் ரப்பரை மாற்று. குண்டுக்கு மேல் இருக்கும் பிளக்கைக் கழற்றி ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டுவிடு, அதற்குக் கேஸைப் பிரிக்க வேண்டாம். இத்தனை நாள் பாதிப் பல்லில் ஓடியதால் முனை மழுங்கியிருக்கலாம். வெட்டிய பிறகும் கழன்றால் அப்போது பிரிப்போம்.

ஏலக்காட்டு ஜீப்:
விளிம்பை வெட்டி, ரப்பரும் ஸ்பிரிங்கும் மாற்றியாச்சு. இன்று காலை நான் மட்டும் தனியாக அதே இறக்கத்தில் மூன்று முறை இறங்கினேன். ஒரு தடவைகூடக் கழலவில்லை, இரண்டாவது கியரில் பிரேக்கைத் தொடாமலே வந்தது. நாளைக்குக் காலி மூட்டையில் மண் நிரப்பிச் சுமையோடு பார்த்துவிட்டு அப்புறம்தான் ஆள் ஏற்றுவேன். கேஸுக்குள் இருக்கும் பூட்டு உருளையை எடுக்கவில்லை. பட்டறைக்காரரிடம் 4 மில்லிமீட்டரைக் காட்டினேன், "பூட் மறைச்சிடுச்சுப்பா" என்று சிரித்தார்.

ஒன்று மட்டும் பாக்கி. ஓட்டை பெரிதானதில் பழைய பூட் மூடவில்லை, காலுக்கு அனலும் புழுதியும் ஏறுகிறது. எந்த வண்டியின் பூட் பொருந்தும்?

சேலம் ஸ்பேனர்:
லாரி ட்யூப் ஒரு துண்டு வெட்டி, சுற்றிலும் பட்டை வைத்து ஸ்க்ரூ அடியுங்கள். எம்எம்540க்கு அதைவிட என்ன வேணும்.