காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அது எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள்

"அண்ணா, வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்குமா?" என்று தக்கலையிலிருந்து கனடாவின் ஒன்டாரியோவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அப்படி இருக்காது. இங்கே ஓடும் பெட்ரோல் கார்களில், அவை 15 வருடப் பழசானாலும், எரிபொருளின் ஆவி வெளியே போகாதபடிதான் டேங்கும் குழாய்களும் மூடி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நிறுத்திய வண்டியில் தொடர்ந்து வாடை வந்தால், எங்கோ ஓரிடம் திறந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

ஊரில் நம் வண்டி முற்றத்திலோ போர்ட்டிகோவிலோ நிற்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எந்த வாடையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கிறது, பல வீடுகளில் அதற்கு மேலேயே படுக்கையறையும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோடு தவழ்ந்து, வாயுவில் எரியும் வாட்டர் ஹீட்டரின் சுடரை எட்டிவிடக்கூடும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும் என்பதால், பனிக்காலம்தானே என்று அசட்டையாக இருக்கவும் இடமில்லை. வாடை மட்டும் இருந்தால், காரணம் தெரியும்வரை வண்டியை வெளியே நிறுத்துங்கள். தரையில் சொட்டு விழுந்து ஈரமாக இருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், எந்த ஸ்விட்சையும் தொடாமல், வீட்டிலிருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறி அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். அழைக்கும்போது இன்னொன்று: இங்கே பெட்ரோலையும் 'கேஸ்' என்றுதான் சொல்வார்கள், அடுப்புக்கு வரும் வாயுவையும் 'கேஸ்' என்றுதான் சொல்வார்கள். 'காரிலிருந்து கேசோலின் ஒழுகுகிறது' என்று முழுதாகச் சொன்னால் குழப்பம் வராது.

அவசரம் இல்லையென்றால், வாடை எப்போது வருகிறது என்று இரண்டு நாள் குறித்துவையுங்கள். பழுது இருக்கும் இடத்தை அந்த நேரமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முன் டிக்கியைத் திறந்து, முந்தைய உரிமையாளர் பனி அள்ளும் இயந்திரத்துக்கு வாங்கிய பெட்ரோல் கேன் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் அதற்காக வொர்க்‌ஷாப் வரை போய் வந்தார்.

பெட்ரோல் நிரப்பியபின் மட்டும் வாடை வந்தால், டேங்கின் மூடியையும் நிரப்பும் பழக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஊரில் பெட்ரோல் பங்கில் நிரப்பும் துப்பாக்கி தானாக நின்றபின்பும், "ரவுண்டாக்கிவிடவா?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள். இங்கே நாமே நிரப்புகிறோம், அதே பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. டேங்கிலிருந்து எழும் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரம்பிய கேனிஸ்டர் ஒன்று வண்டியில் இருக்கிறது. அந்த ஆவியை எஞ்சின் பிறகு இழுத்து எரித்துவிடும். கழுத்துவரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அதற்குள் போய்க் கரியைக் கெடுத்துவிடும். ஆகவே முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்திவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள், அது மலிவானதுதான்.

என் முதல் காரில் மூடியை மாற்றியும் வாடை போகவில்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் கேனிஸ்டரையும் மாற்றச் சொன்னார்கள். அதற்குப் பணம் கொடுக்கும் முன், நிரப்பும் பக்கத்துப் பின்சக்கரத்தின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். டேங்குக்குப் போகும் இரும்புக் குழாய் கொளச்சல் கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பியைப் போலப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தடவியபோது ஒரு செதில் உதிர்ந்து, அதன் அடியில் காசளவு ஈரம் தெரிந்தது. நம் ஊரில் கடற்காற்று செய்வதை இங்கே பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு செய்கிறது. அந்தக் குழாயை மாற்றியதோடு வாடை நின்றது.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் புகைக்குழாய்ப் பக்கம் சிறிது வாடை வந்து அடங்குவது இயல்பு. பானட் பக்கமிருந்து வந்தால், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் குளிரில் சுருங்கிய ரப்பர் வளையங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் உட்காருபவருக்கு மட்டும் அடித்தால், பல கார்களில் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் பம்ப்பின் மூடி இருக்கிறது, அதன் சீல் கெட்டிருக்கலாம். எஞ்சின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா என்பதையும் பாருங்கள். கடைக்கும் வேலைக்கும் குறுந்தூரமே ஓட்டுகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் இப்படிப் பெட்ரோல் ஆயிலில் கலப்பது நேரும்.

ஹோஸ் வெடித்திருந்தால், கிடைத்த டியூபை மாட்டி கிளாம்ப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நம் தோட்டத்து ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் உருவாவதே ரப்பர் அப்படிக் கரைவதால்தான். எரிபொருளுக்கென்றே செய்த செயற்கை ரப்பர் ஹோஸைத்தான் மாட்ட வேண்டும். எஞ்சின் நின்றபின்பும் அந்தக் குழாய்களில் அழுத்தம் இருக்கும் என்பதால், கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

வொர்க்‌ஷாப்புக்குப் போகும் முன், ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டி பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டைக் காட்டும் 'கோட் ரீடர்' கருவியை யாரிடமாவது கடன் வாங்கிப் பாருங்கள். பி 0457 என்றால் பெரும்பாலும் மூடி சரியாக மூடவில்லை என்று பொருள். பி 0455 பெரிய ஆவிக்கசிவையும் பி 0442 சிறிய கசிவையும் குறிக்கும். முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்க மூலையில் தெரியும் 17 எழுத்து வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு, உங்கள் வண்டிக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைக்கும் அறிவிப்பு, ஏதும் உண்டா என்றும் தேடுங்கள்; இருந்தால் டீலரே செலவில்லாமல் சரிசெய்து கொடுப்பார்.

கசிவைத் துடைத்த துணியை மட்டும் தயவுசெய்து டிரையரில் போடாதீர்கள். ஊரில் கொடியில் காயப்போட்ட நினைப்பில், துவைத்தாயிற்றே என்று உள்ளே தள்ளிவிடுவோம். துவைத்த பின்பும் துணியில் தங்கியிருக்கும் பெட்ரோல் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும்.