இரண்டு வருட தொற்றுநோயியல் பயிற்சி: இருக்கிற வேலையை விட்டுப் போகலாமா?

வடலூர்_டாக்டர்
எம்.பி.பி.எஸ். முடித்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலாவது வருடம். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. வகுப்பில் கொஞ்ச நாள், மிச்ச நாளெல்லாம் களத்தில். நோய் எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிக் கற்கும் படிப்பு. வீட்டிலோ, "நீட் பி.ஜி. எழுதி ஒழுங்கா ஒரு எம்.டி. வாங்கு, இது என்ன கணக்குப் படிப்பு" என்கிறார்கள். படித்தவர்கள், படித்து நொந்தவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள்.

ஆவடி_ராஜா
கண்ணை மூடிக்கிட்டுப் போங்க தம்பி. நான் படிச்சவன்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு நகராட்சியில மஞ்சள் காமாலை. தண்ணியைச் சோதிச்சாங்க, சுத்தம்னு அறிக்கை வந்துச்சு, ஃபைலை மூடப் போனாங்க. என் வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "ஹெபடைடிஸ் ஈ வைரஸ் உள்ளே போய் நோய் காட்ட சராசரியா 40 நாள் ஆகும். நீ இன்னைக்குத் தண்ணிய எடுத்துச் சோதிச்சு என்ன பிரயோஜனம்?" அப்புறம்தான் ஆறு வாரம் பின்னால போனோம். அந்தச் சமயத்துல எந்தத் தெருவுல பள்ளம் தோண்டினாங்க, எந்தக் குழாய் சாக்கடையைத் தாண்டிப் போகுதுன்னு வீடு வீடா விசாரிச்சோம். வரைபடத்துல புள்ளி வச்சப்போ எல்லாம் ஒரே குழாய் வரிசையில விழுந்துச்சு. இந்த 40 நாள் கணக்கு எம்.பி.பி.எஸ். புத்தகத்துலயும் இருக்கு. நானும் மனப்பாடம் பண்ணினவன்தான். ஆனா தெருவுல நிக்கும்போது அது ஞாபகம் வரலையே! பக்கத்துல ஒருத்தர் நின்னு மண்டையில குட்டணும். அந்தக் குட்டுக்குத்தான் இரண்டு வருஷம்.

கணக்கப்பிள்ளை
கதை நல்லா இருக்கு. இப்போ என் கதையும் கேளுங்க.

நானும் இதே துறையில் முதுநிலை படித்தவன்தான். 2004 நவம்பரில் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. அதில்தான் மாவட்ட எபிடமியாலஜிஸ்ட், அதாவது தொற்றுநோயியல் நிபுணர் வேலை. ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்கணும். கிராமத்திலிருந்து எஸ் படிவம், டாக்டரிடமிருந்து பி படிவம், ஆய்வகத்திலிருந்து எல் படிவம். மூன்றும் வந்ததா, வராதவர் யார், போன் போடு. இப்போது படிவம் கணினிக்குப் போய்விட்டது, போன் மட்டும் போகவில்லை. ஐந்து வருடத்தில் நானாக இறங்கி முழுசாக விசாரித்த பரவல் இரண்டே இரண்டு. அதில் ஒன்றின் அறிக்கையில் "குடிநீர்க் குழாய்" என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். கையெழுத்து அதிகாரம் இல்லாதவன் கையில் துப்பறியும் கலையைக் கொடுத்து என்ன செய்ய?

ஆவடி_ராஜா
அது வேலை கொடுத்தவன் கோளாறு, பயிற்சியின் கோளாறு இல்லை.

முசாபர்பூரைப் பாருங்க. பீகாரில் லிச்சி பறிக்கிற மே, ஜூன் வந்தால் குழந்தைகளுக்கு விடிகாலையில வலிப்பு வந்து இறந்துபோகும். வருஷக்கணக்கா "மூளைக்காய்ச்சல், ஏதோ வைரஸ்" என்று தேடினாங்க. டெல்லியில தேசிய நோய் கட்டுப்பாட்டு மையத்தில் 2012ல் இதே மாதிரி இரண்டு வருடப் பயிற்சி ஆரம்பிச்சாங்க, இந்திய இ.ஐ.எஸ். (எபிடெமிக் இன்டெலிஜென்ஸ் சர்வீஸ்). அந்தப் பயிற்சியில் இருந்தவங்களும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தாரும் 2013ல் போனாங்க. பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லை, ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துல. 2014ல் மறுபடி போய் நோய்வாய்ப்பட்ட 104 குழந்தைகளையும் அதே வயசுல நோயில்லாத 104 பேரையும் ஒப்பிட்டாங்க. லிச்சி தின்னதும், ராத்திரி சாப்பிடாம படுத்ததும் சேர்ந்து நின்னுச்சு. பழத்துல இருக்கிற ஹைப்போகிளைசின் போன்ற நச்சுகள் உடம்பு சர்க்கரை உண்டாக்குவதைத் தடுக்குது. வெறும் வயித்துல படுத்த, சத்துக் குறைஞ்ச பிள்ளை தாங்காது. ராத்திரி சாப்பிட்டதான்னு ஒரு தாயிடம் கேட்கணும்னு தோணிச்சே, அந்தக் கேள்விதான் படிப்பு.

கணக்கப்பிள்ளை
முசாபர்பூரை நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு.

ஒன்று. வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டி. ஜேக்கப் ஜான், "இது வைரஸ் இல்லை, நச்சு" என்று முகுல் தாஸுடன் சேர்ந்து 2014லேயே எழுதிவிட்டார். நீங்கள் சொன்ன அந்தப் பெரிய ஆய்வு லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழில் வந்தது 2017ல். அவர் எந்த இரண்டு வருட ஃபெலோஷிப்பிலும் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு. 2014ல் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் 390 பிள்ளைகள் சேர்ந்து 122 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த பிறகு சில வருடம் சாவு குறைந்தது, சரி. 2019ல்? நூற்றுக்கு மேல் மறுபடியும் செத்தன. ராத்திரிச் சோறும், உடனே ஏற்ற குளுக்கோஸும்தான் மருந்து என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும்! அங்கே குறைந்தது எபிடமியாலஜிஸ்ட்டா, சோறா?

ஆவடி_ராஜா
ஜேக்கப் ஜான் நாற்பது வருஷ அனுபவம். அவரைக் காட்டி 28 வயசுப் பையனுக்குப் பயிற்சி வேண்டாம்கிறது, சச்சின் கோச்சிங் போகாமலே ஆடியிருப்பார்னு சொல்ற மாதிரி. சச்சினுக்கும் கோச் இருந்தார்.

2019 பற்றி நீங்க சொல்றதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

கோமாரி
நடுவில் ஒரு கால்நடை மருத்துவன். ஏன் எல்லாரும் எம்.பி.பி.எஸ். பற்றியே பேசுகிறீர்கள்? எலிக்காய்ச்சல், வெறிநாய்க்கடி, நிபா எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து வருபவை. அமெரிக்காவில் 1951ல் அலெக்சாண்டர் லாங்முயர் ஆரம்பித்த மூல இ.ஐ.எஸ்.ஸில் கால்நடை மருத்துவர்களையும் எடுக்கிறார்கள். அவர்கள் சின்னமே தேய்ந்து ஓட்டை விழுந்த செருப்பின் அடிப்பாகம். செருப்பு தேய எம்.பி.பி.எஸ். வேண்டுமா என்ன?

சொல்லாய்வு
"தொற்றுநோயியல்" என்ற பெயரே தப்பு. சர்க்கரை நோயும் சாலை விபத்தும் தொற்றா? நோய்ப்பரவியல் என்க.

கோமாரி
வந்துட்டார்யா.

செவிலி_சரசு
நான் கிராம சுகாதார செவிலியர். பிள்ளை சார் போன் போட்டுக் கேட்கிற எஸ் படிவத்தை நிரப்புறது நாங்கதான். ஒரு தெருவுல நாலு பேருக்கு வாந்திபேதின்னா முதல்ல என் காதுக்குத்தான் வரும். எபோலாவுக்கு அப்புறம் பல நாடுகள்ல எங்களைப் போல கீழ்மட்டத்துல இருக்கறவங்களுக்கு மூணு மாசக் களப் பயிற்சி கொடுக்கிறாங்களாமே? ஒரு டாக்டருக்கு இரண்டு வருஷம் செலவழிக்கிறதுக்குப் பதிலா எட்டு பேருக்கு மூணு மாசம் கொடுக்கலாமே.

ஆவடி_ராஜா
சரசம்மா, நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னதும் யார் வந்து விசாரிப்பாங்க? மூணு மாசத்துல பரவல் இருக்குன்னு சொல்லக் கத்துக்கலாம். ஏன்னு சொல்ல முடியாது. இந்தக் களப் பயிற்சியில மூணு படிநிலை இருக்கு. நீங்க சொல்ற மூணு மாசம் முதல் படி, கடைசிப் படிதான் இரண்டு வருஷம். மேல் படி இல்லாம கீழ்ப் படியை நடத்த ஆளும் கிடைக்காது.

செவிலி_சரசு
சரி சார். ஆனா நான் போன் பண்ணி, நீங்க வண்டி கேட்டு, அனுமதி வாங்கி வர்றதுக்குள்ள ஓ.ஆர்.எஸ். கொடுத்து, கிணத்துக்குக் குளோரின் போட்டு, எல்லாத்தையும் நாங்களே முடிச்சிருப்போம்.

கணக்கப்பிள்ளை
வடலூர் டாக்டருக்கு நேராகச் சொல்கிறேன். உங்கள் நிலை வேறு, என் நிலை வேறு. நீங்கள் நிரந்தரப் பணி. இங்கே 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்தது. பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், தனிப் பணி வரிசை இருக்கிறது. நிறைய மாநிலங்களில் அது இல்லை. உள்ளே இருப்பவர் படித்தால் நாளைக்குக் கையெழுத்துப் போடும் நாற்காலிக்கு வர வழி உண்டு. வெளியே இருந்து படிப்பவனுக்கு என் கதிதான். ஆகவே உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், போங்கள். ஆனால் சம்பளத்தோடு அனுப்புகிறார்களா, திரும்பி வந்ததும் நோய்த் தடுப்பு வேலையில் போடுவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

வடலூர்_டாக்டர்
நன்றி சார். ராஜா அண்ணே, நீங்கள் போகும்போது அப்படி எழுத்தில் வாங்கினீர்களா?

ஆவடி_ராஜா
கேட்டேன். தரலை. திரும்பி வந்ததும் முதல் ஒன்றரை வருஷம் சாதாரண புறநோயாளி டூட்டிதான் போட்டாங்க.

கணக்கப்பிள்ளை
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே ராஜா.