புத்தாக்கத்தை அளக்க ஒரே ஒரு எண் போதுமா?

வினாக்குறி:
ஐடியா பெட்டியில் ஆண்டுக்கு 400 யோசனைகள் விழுகின்றன. ஆர் அண்ட் டி (ஆராய்ச்சி, மேம்பாடு) செலவு விற்பனையில் 3%. டாஷ்போர்டில் இரண்டும் பச்சை. ஆனால் புதுப் பொருள்களால் வரும் வருமானம் அசையவே இல்லை. மேலிடம் "ஒரே ஒரு எண் கொடுங்கள்" என்கிறது. எதைக் கொடுப்பது?

கணக்கர்:
நீங்கள் சொன்ன இரண்டுமே உள்ளே போவதன் அளவு. வெளியே வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரே எண்தான் வேண்டுமென்றால், மொத்த விற்பனையில் புதுப் பொருள்களின் பங்கைக் கொடுங்கள். த்ரீ எம் நிறுவனம் முதலில் 5 ஆண்டுக்குள் வந்த பொருள்களிலிருந்து 25% என்று இலக்கு வைத்தது. 1990களில் அதை 4 ஆண்டு, 30% என்று இறுக்கியது.

இதில் கோளாறு எப்போதும் 'புதிது' என்பதன் வரையறையில்தான் வரும். நிறத்தையும் பேக்கிங்கையும் மாற்றிவிட்டுப் புதுக் குறியீட்டு எண் போட்டால் பங்கு தானாக ஏறும். எது புதிது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி, நிதித்துறையிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பழைய பொருளிடமிருந்து பறித்த விற்பனையையும் கழிக்க வேண்டும். விற்பனை 100, புதியது 18, அதில் 7 நம் பழைய பொருளை விட்டு வந்தவர்கள் வாங்கியது என்றால், உண்மையில் கூடியது 11தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

வரிசைக்காரன்:
கணக்கர் சொன்ன எண் சரி, ஆனால் தாமதமாகப் பேசும். அது இறங்கும்போது காரணம் நடந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் முடியாமல் காத்திருக்கும் திட்டங்களின் வரிசையைப் பாருங்கள். லிட்டில் விதி: சராசரி முடிப்புக்காலம் = கையில் உள்ள திட்டங்கள் ÷ ஆண்டுக்கு முடிபவை. 24 திட்டம் ஓடி, ஆண்டுக்கு 6 முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 4 ஆண்டு. முடியும் வேகம் குறையாமல் ஓடும் திட்டங்களை 12 ஆகக் குறைத்தால் 2 ஆண்டு. ஆள் சேர்க்கவே வேண்டாம்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் நாலு தேதி குறியுங்கள்: ஒப்புதல், வேலை தொடங்கியது, முதல் மாதிரி, முதல் விற்பனை. இடைவெளியில் வேலை நடந்தது எத்தனை நாள், சும்மா கிடந்தது எத்தனை நாள் என்று பிரித்தால், பெரும்பாலும் சோதனைக்கூடத்திலோ கொள்முதல் கையெழுத்திலோதான் தேங்கியிருக்கும். தேக்கம் அங்கே இருக்கும்போது ஐடியா போட்டி நடத்துவது வரிசையை நீட்டுகிற வேலை.

மறுப்பாளி:
எந்த எண்ணையும் போனஸோடு கட்டாதீர்கள். கட்டினால் சீக்கிரம் முடிகிற சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டுமே வரும். சிறு மேம்பாடு, புதுப் பொருள், புதுச் சந்தை மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நிறுத்திய திட்டங்களையும் எண்ணுங்கள்: எந்தக் கட்டத்தில், எவ்வளவு செலவழித்த பிறகு? முதல் பரிசீலனையில் எதுவுமே நிற்கவில்லை என்றால் அது பரிசீலனை அல்ல, சம்பிரதாயம். இன்னொன்று: ஆஸ்லோ கையேட்டின் (புத்தாக்கத்தை அளப்பதற்கான சர்வதேச வழிகாட்டி) 2018 பதிப்புப்படி, பயனர்களுக்குக் கிடைக்கச் செய்ததோ நிறுவனத்துக்குள் நடைமுறைக்கு வந்ததோதான் புத்தாக்கம். உங்கள் 400 அந்தக் கணக்கில் வராது.

வினாக்குறி:
பழைய திட்டங்களுக்குத் தேதிப் பதிவே இல்லையே?

வரிசைக்காரன்:
பட்ஜெட் ஒப்புதல் மெயில், முதல் கொள்முதல் ஆணை, முதல் இன்வாய்ஸ் மூன்றும் கிடைக்கும். கடைசியாக முடிந்த பத்துப் பதினைந்து திட்டங்களுக்கு எடுத்தால் போதும். சராசரியோடு நடுமதிப்பையும் போடுங்கள். இழுத்துக்கொண்டே போன ஒரு திட்டம் சராசரியைக் கெடுத்துவிடும். பாதியில் நின்றவற்றைத் தனித்தாளில் வையுங்கள், இதில் கலக்க வேண்டாம்.