வாரம் ஒருநாள் உபவாசம், ஞாயிறு ஓய்வு: வீட்டில் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

சாயர்புரத்தான்:

எங்கள் சபையில் ஆயர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு குடும்பமும் வாரத்துக்கு ஒன்றிரண்டு பழக்கங்களைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், லெந்து என்ற தவக்கால நாட்களோடு நிறுத்தாமல் வருஷம் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும் என்று. நாங்கள் வீட்டில் பேசி முடிவெடுத்தது இதுதான். வெள்ளிக்கிழமை மதியம் பெரியவர்கள் சாப்பிடுவதில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம் ஒரு டப்பாவுக்குள் போகும், மாதக் கடைசியில் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்குக் கொடுப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் ராத்திரி வரை ஆபீஸ் வேலை இல்லை, போன் இல்லை. அப்புறம், ஆலயத்துக்கு வர முடியாமல் படுத்திருக்கும் ஒருவரை வாரத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்து, ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டு வருவது.

தினமும் அதிகாலையில் ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று வருஷப்பிறப்பு ஆராதனையில் தீர்மானம் எடுக்கிறோம். பிப்ரவரி வருவதற்குள் பாதிப்பேர் விட்டுவிடுகிறோம். வாரம் ஒருமுறை என்றால் வேலைக்குப் போகிறவனாலும் காப்பாற்ற முடியும். இதைத் தவறு என்று சொல்கிறவர்கள் இருந்தால், ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

திறந்த வேதம்:

நான் சொல்கிறேன், சகோதரரே. கலாத்தியா சபையாருக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதியதை வாசியுங்கள்: "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே." அவர்களுக்காகப் பட்ட பிரயாசம் வீணாய்ப் போயிற்றோ என்று அதே இடத்தில் பயப்படுகிறார். இயேசு சொன்ன உவமையில், வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று தேவாலயத்தில் நின்று சொன்னவன் யார்? பரிசேயன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூத வகுப்பைச் சேர்ந்தவன். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் அவன் அல்ல.

உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாரம் வரும்போது உபவாசிக்கிறோம். ஆவியானவர் ஏவும்போது மூன்று நாள்கூட இருக்கிறோம். ஆனால் வெள்ளி வந்துவிட்டது, மணி ஒன்றாகிவிட்டது, ஆகவே சாப்பிடக்கூடாது என்பது வேறு. நான் படித்த விடுதியில் வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு கிடையாது. உபவாசம் என்று பெயர். பன்னிரண்டு வயதில் பசியோடு முழங்காலில் நின்றபோது நான் கற்றுக்கொண்டது ஜெபத்தை அல்ல, வார்டனுக்குப் பயப்படுவதை. அங்கிருந்து வெளியே வந்தபின் பல வருஷம் எந்த ஆராதனைக்கும் நான் போகவில்லை. ஒழுங்கு பக்தியை வளர்க்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கூடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அடைக்கலபுரம்:

விடுதியில் உங்களுக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கிழமை வைத்து நோன்பிருப்பது பரிசேயர் வழக்கம் என்ற முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட முடியாது. திதகே என்று ஒரு பழைய கிறிஸ்தவ ஏடு இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். திங்கள், வியாழன் வேண்டாம், நீங்கள் புதனும் வெள்ளியும் நோன்பிருங்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையில் புதன், வெள்ளி நோன்பு இன்றைக்கும் வழக்கில் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதே இரண்டு நாட்களை வலியுறுத்தினார். ஆக இது ஒரு சபையின் கண்டுபிடிப்பு அல்ல.

எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் சுத்தபோசனம், இறைச்சி கிடையாது. 1983ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் 1251ஆம் எண்ணில் அது இருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு ஒறுத்தலையோ அறச்செயலையோ வைக்க அந்தந்த நாட்டு ஆயர் (பிஷப்) பேரவைக்கு உரிமை உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் ஒரு காலத்தில் அவரவர் விருப்பத்துக்கு விட்டுப் பார்த்தார்கள், பிறகு 2011ல் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் சேர்ந்து செய்கிற ஒன்றில் பெருமையடிக்க இடமில்லை. தெருவே மீனும் காய்கறியும் சமைக்கிற நாளில் நான் மட்டும் பெரிய பக்தன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆவி ஏவும்போது மூன்று நாள் உபவாசம் இருந்தேன் என்று சாட்சி சொல்பவருக்கே அந்த ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன்.

திறந்த வேதம்:

கடைசி வரி என்னைக் குறிவைத்தது. பரவாயில்லை, அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கூட்டங்களில் உபவாச நாட்களை எண்ணிச் சொல்லும் சாட்சிகள் எனக்கும் பிடிப்பதில்லை.

ஆனால் பழமை ஒரு ஆதாரமா? திதகே வேதவசனம் அல்ல. அப்போஸ்தலர் வாரந்தோறும் செய்யச் சொன்னது ஏதாவது இருந்தால் காட்டுங்கள்.

சாயர்புரத்தான்:

இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், 16ஆம் அதிகாரம். "வாரத்தின் முதல்நாள்தோறும்" அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலே சேர்த்துவைக்கட்டும் என்கிறார். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக. கலாத்தியா சபைகளுக்கும் அதே திட்டம்தான் கொடுத்தேன் என்று முந்தின வசனத்திலேயே சொல்கிறார். நாட்களைப் பார்க்கிறீர்களே என்று கடிந்துகொண்ட அதே கலாத்தியருக்கு வாரம் ஒருநாள் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான். அப்படியானால் அவர் எதிர்த்தது நாட்களை அனுசரித்தால் நீதிமானாகலாம் என்ற எண்ணத்தை. வாரத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வதை அல்ல. எங்கள் வீட்டு டப்பாவும் இந்த வசனத்தில் பிறந்ததுதான்.

ஏழாம்நாள்:

ஓய்வு பற்றி ஒரு வார்த்தை. பத்துக் கட்டளைகளில் இருப்பது ஏழாம் நாள், அதாவது சனி. இது வெளிநாட்டிலிருந்து வந்த விஷயம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். 1857ல் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனெரிகளிடமிருந்து பிரிந்து தனிச்சபை கண்டார், அந்தச் சபை சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தது. எந்த நாள் என்ற வழக்கு இங்கே தீராது, விட்டுவிடுகிறேன். ஓய்வை எப்படி நடத்துவது என்பதில் மட்டும் எங்கள் பழக்கத்தைப் பாருங்கள். வெள்ளி எங்களுக்கு ஆயத்தநாள். சூரியன் அஸ்தமிக்குமுன் சமையல், துணி, வீடு எல்லாம் முடிந்துவிடும். ஆயத்தநாள் இல்லாத வீட்டில் ஓய்வுநாள் நிற்காது.

நைட் டூட்டி:

எல்லாரும் பேசியதை வாசித்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் எழுதியதில், அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஏழாம்நாள் ஐயா ஒருவர்தான் கிட்டத்தில் வந்தார்.

ஞாயிறு அன்று எங்கள் பக்கத்து வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். வீட்டுக்காரி விடியுமுன் எழுந்து ஆட்டுக்கறி வாங்க ஆள் அனுப்பி, மசாலா அரைத்து, பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்குக் கிளப்பி, ஆராதனைக்கு ஓடி, திரும்பி வந்து பிரியாணியைத் தம் போடுகிறாள். எல்லாரும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். அவள் பாத்திரம் கழுவிவிட்டுப் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குப் போகிறாள். வாரத்திலேயே அவளுக்கு அதிக வேலை அந்த நாளில்தான். யாத்திராகமத்தில் ஓய்வு யாருக்கெல்லாம் என்று பாருங்கள்: வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன். மாட்டுக்குக்கூட ஓய்வு கொடுத்த கட்டளை அது. போனை அணைத்துவிட்டேன் என்கிற சாயர்புரத்து அண்ணன், அன்றைக்கு அடுப்பையும் அணைத்தீர்களா?

இன்னொன்று. நான் நர்ஸ். மாதத்தில் பாதி ஞாயிறு எனக்கு டூட்டி. ஞாயிறு அன்று உலகம் வேலையை நிறுத்த வேண்டும் என்ற சட்டமே ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், கி.பி. 321ல் வந்தது. அதிலும் விவசாயிகளுக்கு விலக்கு. அதற்கு முன் விசுவாசிகளில் எத்தனையோ பேர் அடிமைகள். குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடினார்கள் என்று சுமார் 112ல் ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதியிருக்கிறார். விடிந்தபின் அவர்களுக்கு எஜமான் வீட்டு வேலை இருந்திருக்கும். அதனால் ஷிப்டில் இருக்கிறவள் ஓய்வுநாளை மீறுகிறாள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வார விடுமுறை எந்தக் கிழமை விழுகிறதோ அந்த நாளில்தான் என் ஓய்வு, என் ஜெபம்.

உபவாசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒரு வேளையை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. உபவாசக் கூட்டம் முடிந்த மதியம் ஸ்ட்ரெச்சரில் வரும் அம்மாமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடைக்கலபுரம்:

ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு, வயது குறைந்தவர்களுக்குக் கடமை இல்லை என்று எங்கள் சட்டமே சொல்கிறது, அக்கா. நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. ஐம்பத்தொன்பது முடிந்து அறுபதாவது வயது தொடங்கியவர்களுக்கும் கடமை இல்லை. இதை வாரந்தோறும் பூசையில் அறிவித்தாலும் தகும்.

சாயர்புரத்தான்:

தங்கச்சி கேட்டதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பதில் சொல்லவில்லை, சிரித்தாள். எனக்கு அது போதும். ஞாயிறு பிரியாணி எங்கள் வீட்டில் இனிமேல் சனி ராத்திரிக்கு மாறுகிறது. ஞாயிறு மதியம் சோறும், முந்தின நாள் வைத்த குழம்பும். ஆயத்தநாள் யோசனைக்கு ஏழாம்நாள் ஐயாவுக்கு நன்றி. சனிக்கிழமை வேலையில் எனக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, இல்லாவிட்டால் அவளுடைய பாரம் ஒருநாள் முன்னால் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நாளை மாற்றிக்கொள்ளலாமா என்பதில் மட்டும் தயங்குகிறேன். டூட்டி இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, சரி. ஆனால் வசதியைப் பார்த்து நாளை மாற்ற ஆரம்பித்தால், என்னைப் போன்றவன் இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் சேர்த்துச் செய்கிறேன் என்று சொல்லிவிடுவான். எனக்கு நாள் நிலையாக இருக்க வேண்டும்.

திறந்த வேதம்:

கொரிந்தியர் வசனத்தை எடுத்துப் பார்த்தேன். வாரந்தோறும் ஏழைகளுக்காகச் சேர்ப்பது அப்போஸ்தலர் சொன்னதுதான். அதை நான் எதிர்க்க முடியாது, எதிர்க்கவும் இல்லை. படுத்திருப்பவரைப் பார்க்கப் போவதையும் ஆமென் என்கிறேன்.

கிழமை வைத்த உபவாசத்தில் என் எண்ணம் மாறவில்லை. முக்கியமாகப் பிள்ளைகள் விஷயத்தில். பெரியவர்கள் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் மேஜையில் பிள்ளை எப்படி நிம்மதியாகச் சாப்பிடும்? நானும் இருக்கிறேன் என்று சொல்லும். நீங்கள் பாராட்டுவீர்கள். அடுத்த வாரம் பாராட்டுக்காகவே இருக்கும். ரோமர் 14ல் "அவனவன் தன்தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நிச்சயம் அப்பாவின் முகத்திலிருந்துதான் வரும்.

நைட் டூட்டி:

இதில் நான் திறந்த வேதம் அண்ணன் பக்கம். பிள்ளைகளுக்குப் பசியைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கொடுப்பதைக் கற்றுக்கொடுப்பது நல்லது. என் அம்மா தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடச் சொல்வார், ஞாயிறு அன்று நாங்கள் அதை ஆலயத்துக்குத் தூக்கிப் போவோம். அரிசியை அள்ளிப் போடும் வேலை பிள்ளைகளுக்கு. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதே பழக்கத்தை 1910ல் தொடங்கினார்கள், அந்தக் கைப்பிடி அரிசியை விற்ற பணத்தில் அங்கே ஊழியமே நடக்கிறது. கையில் காசில்லாத பெண்களும் இதில் சேரலாம். அரிசி அவள் கையில்தானே இருக்கிறது.

சாயர்புரத்தான்:

கைப்பிடி அரிசியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறோம். உபவாசத்தை விடவில்லை. வெள்ளி மதியம் நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு இடத்தில் வேலையில் இருப்போம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எங்கள் மேஜையை அவர்கள் பார்க்கப் போவதில்லை. தலைக்கு எண்ணெய் பூசி, முகத்தைக் கழுவி, அந்தரங்கத்தில் இருக்கிற பிதா காணும்படி உபவாசி என்று ஆண்டவர் சொன்னதற்கும் அது பொருந்தும். பிள்ளைகளாகக் கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நாங்களாகச் சொல்லப் போவதில்லை.

திறந்த வேதம்:

கேட்டுவிட்டு, நானும் இருக்கட்டுமா என்றால்?

சாயர்புரத்தான்:

இப்போது சாப்பிடு, பதினெட்டு ஆகட்டும், அப்போதும் தோன்றினால் பேசுவோம் என்பேன்.